பழைய கைனெடிக் ஹோண்டா: கிளட்ச், இன்ஜின் ட்யூனிங் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கியர் இல்லாத பழைய டூ ஸ்ட்ரோக் ஸ்கூட்டர்களைச் சென்னையில் இன்னும் பலர் விடாமல் வைத்திருக்கிறார்கள். அப்பா ஆபீஸுக்கு ஓட்டிய கைனெடிக் ஹோண்டா, அக்கா காலேஜுக்குப் போன 60 சிசி ஸ்கூட்டி என்று தூசி தட்டி வெளியே எடுத்துவிட்டு, "பிக்கப் இல்லை, என்ன செய்யலாம்?" என்று வருகிறார்கள். கேட்பவர் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

உதாரணங்கள் பெரும்பாலும் 98 சிசி கைனெடிக் ஹோண்டாவை வைத்துத்தான். 1984-இல் தொடங்கிய கூட்டு நிறுவனத்தின் வண்டி அது. 1998-இல் ஹோண்டா விலகிக்கொண்டது. உள்ளே பெல்ட்டும் வேரியேட்டரும் இருக்கிற எந்த டூ ஸ்ட்ரோக் ஸ்கூட்டருக்கும் இங்கே சொல்வது ஏறக்குறையப் பொருந்தும்.

கியரே இல்லாத வண்டியில கிளட்ச் எங்க சார் இருக்கு?

இடது பக்கம், கிக்கர் இருக்கிற நீளமான கவருக்குள். திறந்தால் முன்னால் கிராங்க் (இன்ஜினின் சுழலும் தண்டு) முனையில் ஒரு புல்லி தெரியும். அதுதான் வேரியேட்டர். பின்சக்கரத்துப் பக்கம் இன்னொரு புல்லி, அதோடு சேர்ந்து கிளட்ச் ஷூ, ஷூவைச் சுற்றி ஒரு டிரம். இரண்டு புல்லிக்கும் நடுவே ஒரு வி பெல்ட் ஓடும்.

வேரியேட்டருக்குள் பொதுவாக ஆறு ரோலர்கள் இருக்கும். இன்ஜின் வேகம் கூடும்போது அவை வெளிப்பக்கம் விலகி, புல்லியின் ஒரு தட்டைத் தள்ளும். தட்டுகள் நெருங்க நெருங்க முன்னால் பெல்ட் மேலே ஏறும். பெல்ட்டின் நீளம் மாறாது என்பதால், பின்னால் அது, புல்லியை மூடிப் பிடிக்கும் கான்ட்ரா ஸ்பிரிங்கை எதிர்த்துப் புல்லியைப் பிளந்துகொண்டு உள்ளே இறங்கும். ஃபர்ஸ்ட் கியரிலிருந்து டாப் கியர் வரை படியே இல்லாமல் போவது இப்படித்தான்.

கிளட்ச் ஷூவுக்கு இதில் வேலை குறைவு. வண்டி கிளம்பும்போது பிடிக்க வேண்டும், நிற்கும்போது விட வேண்டும், அவ்வளவுதான். 40 கிலோமீட்டர் வேகத்தில் இழுவை இல்லை என்பவருக்கு ஷூவை மாற்றிக் கொடுத்தால் காசு போகும், குறை அப்படியே இருக்கும்.

முதல்ல எதைப் பார்க்கணும், இன்ஜினா கிளட்சா?

இன்ஜின். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. ரோலரும் ஸ்பிரிங்கும் செய்கிற வேலை, இன்ஜின் நன்றாகச் சக்தி தரும் வேகத்தில் அதை நிறுத்தி வைப்பது. இன்ஜினே சோர்ந்திருக்கும்போது ரோலரை மாற்றினால், சோர்ந்த இன்ஜினுக்கு ஏற்ற ரோலரைத்தான் தேடிக்கொண்டிருப்பீர்கள். அப்புறம் போர் போட்டதும் (தேய்ந்த சிலிண்டரைக் குடைந்து புது பிஸ்டன் போட்டதும்) அந்த செட்டிங் எல்லாம் வீண்.

நான் போகும் வரிசை இது: கம்ப்ரஷன், காற்றுக் கசிவு, சைலன்சர் அடைப்பு, பிளக், கார்ப்பரேட்டர். இவை சரியான பிறகே இடது கவரைத் திறப்பேன். உள்ளே பெல்ட், ரோலர், ஷூ, கடைசியில் ஸ்பிரிங். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி ஓட்டிப் பாருங்கள். ஜெட்டையும் (கார்ப்பரேட்டரில் பெட்ரோல் வரும் துளைத் திருகு) ரோலரையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

வண்டி இழுக்க மாட்டேங்குது. கோளாறு இன்ஜின்லயா பெல்ட்லயான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

காதுதான் முதல் கருவி. ஆக்சிலேட்டரை முழுசாகத் திருகும்போது இன்ஜின் கத்துகிறது, ஆனால் வண்டி முன்னால் போகவில்லை என்றால் சக்தி எங்கேயோ வழுக்குகிறது: பெல்ட் அல்லது ஷூ. இன்ஜின் கத்தவே இல்லை, மந்தமாக உறுமிக்கொண்டு அதே வேகத்தில் நிற்கிறது என்றால் இன்ஜினிலோ சைலன்சரிலோ குறை இருக்கலாம். அல்லது முன்னால் யாரோ கனமான ரோலர் போட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

இரண்டாவது கருவி ஒரு மார்க்கர் பேனா. கவரைத் திறந்து, முன்புல்லியின் சாய்வான முகத்தில் மையத்திலிருந்து விளிம்பு வரை ஒரு கோடு போடுங்கள். மூடிவிட்டு, காலியான சாலையில் முழு வேகம் ஓட்டி வந்து திறந்து பாருங்கள். பெல்ட் தொட்ட இடம்வரை கோடு அழிந்திருக்கும். விளிம்பை ஒட்டி அழிந்திருந்தால் வேரியேட்டர் முழுசாகத் திறக்கிறது. பாதியிலேயே நின்றிருந்தால் தேய்ந்த பெல்ட், சிக்கிய ரோலர், சக்தி போதாத இன்ஜின் ஆகிய மூன்றில் ஒன்று. செலவே இல்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் உதிரிபாகம் வாங்கக் கிளம்பாதீர்கள்.

வழுக்குவது பெல்ட்டா ஷூவா? கவருக்குள் கறுப்பு ரப்பர் தூள் குவிந்திருந்தால் பெல்ட். டிரம் நீலம் பாரித்து, கருகிய வாசனை அடித்தால் ஷூ.

2டி ஆயில் எவ்வளவு கலக்கணும்? முன்ன மாதிரி பங்க்ல கலந்து தர்றதில்லையே.

2டி என்பது பெட்ரோலோடு சேர்ந்து எரியும் டூ ஸ்ட்ரோக் ஆயில். எவ்வளவு என்பதற்கு வண்டியின் கையேடு சொல்வதே கணக்கு. கையேடு இல்லை, ஆயில் பம்ப்பும் வேலை செய்யவில்லை, நேரடியாகக் கலக்கிறீர்கள் என்றால் லிட்டருக்கு 20 மில்லி என்பது 50-க்கு 1. 25 மில்லி என்பது 40-க்கு 1. புதிதாக போர் போட்ட இன்ஜினுக்கு ரன்னிங் இன் முடியும் வரை கொஞ்சம் கூடுதலாக விடுவது வழக்கம். டப்பாவில் ஜாசோ (ஜப்பானியத் தர முத்திரை) எஃப்சி அல்லது எஃப்டி என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அவை புகை குறைந்த ரகம். ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயில் இதற்கு ஆகாது.

"ஆயில் கூட விட்டால் இன்ஜினுக்கு நல்லதுதானே" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜெட்டின் துளை ஒன்றுதான். அதன் வழியாக ஆயில் கூடப் போனால் பெட்ரோல் அந்த அளவு குறையும், கலவை லீன் ஆகும். சைலன்சர் அடைப்பும் சீக்கிரம் வரும். ஆயில் அளவை மாற்றினால் கார்ப்பரேட்டர் செட்டிங்கையும் மறுபடி பார்க்க வேண்டும்.

பிளக்கை மாத்தினாலும் ரெண்டு நாள்ல மறுபடியும் கருப்பாயிடுது. ஏன்?

எப்படிப்பட்ட கருப்பு என்று பாருங்கள். உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம்: சோக் முழுசாக மூடாமல் இருக்கலாம், ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், ஃப்ளோட்டில் பெட்ரோல் மட்டம் ஏறியிருக்கலாம். எண்ணெய்ப் பிசுக்கோடு ஈரக் கருப்பு என்றால் ஆயில் அதிகம், அல்லது ஸ்பார்க் பலவீனம். நல்ல பிளக்கின் வெள்ளைப் பீங்கான் காபிப் பொடி நிறத்துக்கு வந்திருக்கும். சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தால் சந்தோஷப்படாதீர்கள். லீன் ஆகி சூடேறுகிறது, பிஸ்டன் ஜாம் ஆகும் வழியில் இருக்கிறது.

ஐட்லிங்கில் ஓடவிட்டுப் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பதில் பயன் இல்லை. காலியான நேர்சாலையில் முழு ஆக்சிலேட்டரில் கொஞ்ச தூரம் போய், அந்த வேகத்திலேயே சாவியை அணைத்து, வண்டி நின்றதும் கழற்றிப் பாருங்கள். மெயின் ஜெட்டின் கதை அப்போதுதான் தெரியும். இன்னொன்று, பிளக் எண். என்ஜிகே பிளக்கில் எண் கூடினால் கோல்ட் பிளக் (சூட்டைச் சீக்கிரம் கடத்திவிடும் ரகம்), போஷ் பிளக்கில் எண் குறைந்தால் கோல்ட். கம்பெனி மாற்றி வாங்கும்போது இதைக் கவனிக்காமல் பலர் தலைகீழாக வாங்கிவிடுகிறார்கள்.

கார்ப்பரேட்டர்ல எந்த ஸ்க்ரூவைத் திருப்பினா என்ன ஆகும்?

வெளியே இரண்டு ஸ்க்ரூ இருக்கும். ஸ்லைடை (ஆக்சிலேட்டரோடு ஏறி இறங்கும் காற்றுத் தடுப்பு) தூக்கிப் பிடிப்பது ஐட்லிங் ஸ்க்ரூ. மற்றது கலவைக்கு. அது ஸ்லைடுக்கும் ஏர் ஃபில்டருக்கும் நடுவில் இருந்தால் ஏர் ஸ்க்ரூ: உள்ளே முடுக்கினால் ரிச் (பெட்ரோல் கூடும்), வெளியே எடுத்தால் லீன். இன்ஜின் பக்கம் இருந்தால் பெட்ரோல் ஸ்க்ரூ, எல்லாம் நேர்மாறு. இன்ஜின் சூடான பிறகு, மெதுவாக முழுக்க முடுக்கி, அழுத்தாமல் ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்துத் தொடங்குங்கள். கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி ஐட்லிங் எங்கே அதிகமாகிறதோ அங்கே நிறுத்தி, ஐட்லிங் ஸ்க்ரூவால் வேகத்தைக் குறையுங்கள்.

இந்த ஸ்க்ரூவும் ஸ்லோ ஜெட்டும் ஆக்சிலேட்டரின் முதல் எட்டில் ஒரு பங்குக்குத்தான் பேசும். கால் பங்கு முதல் முக்கால் வரை, ஸ்லைடில் தொங்கும் ஊசியின் ராஜ்ஜியம்: கிளிப்பை ஒரு படி கீழே போட்டால் ஊசி உயர்ந்து கலவை ரிச் ஆகும். முழுசாகத் திருகினால் மெயின் ஜெட். எந்தத் திருகலில் குறை வருகிறது என்று கைப்பிடியில் ஒரு டேப் ஒட்டிக் குறித்துக்கொண்டால், எதை மாற்ற வேண்டும் என்று தானாகத் தெரியும். டாப் ஸ்பீடு வரவில்லை என்று ஏர் ஸ்க்ரூவைத் திருப்பிக்கொண்டிருப்பவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

ஐட்லிங் தானா ஏறிக்கிட்டே போகுது. ஸ்க்ரூவைக் குறைச்சாலும் இறங்க மாட்டேங்குது அண்ணே.

காற்று எங்கேயோ திருட்டுத்தனமாக உள்ளே போகிறது. சந்தேகப்பட வேண்டிய இடங்கள்: கார்ப்பரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே உள்ள பாகம், அதன் பேக்கிங், அப்புறம் கிராங்கின் இரண்டு பக்க ஆயில் சீல். டூ ஸ்ட்ரோக்கில் கலவை கிராங்க் கேஸ் வழியாகத்தான் போகிறது. சீல் வெடித்தால் அங்கிருந்தும் காற்று உறிஞ்சும். வருஷக்கணக்கில் ஓடாமல் நின்ற வண்டியில் சீல் காய்ந்து போயிருப்பது சகஜம்.

ஓடும் இன்ஜினில் சந்தேகமான இணைப்பின் மேல் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். ஐட்லிங் மாறினால் அங்கேதான் ஓட்டை. வேரியேட்டர் பக்க சீல் போயிருந்தால் இரட்டை நஷ்டம்: இன்ஜின் லீன் ஆகும், எண்ணெய்ப் படலம் பெல்ட் மேலும் விழும். பெல்ட் வழுக்குகிறது என்று புது பெல்ட் போட்டு அதுவும் வழுக்கினால் இந்த சீலைப் பாருங்கள். இன்ஜின் முதலில், கிளட்ச் பிறகு என்று மேலே அழுத்திச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

இ20 பெட்ரோல் போட்டா பழைய வண்டி கெட்டுடுமா?

ஒரே நாளில் கெடாது. ஆனால் கவனிக்க இரண்டு விஷயம் உண்டு. ஒரு பங்கு பெட்ரோல் எரிய எடை அளவில் 14.7 பங்கு காற்று தேவை. எத்தனாலுக்கு 9 பங்கு போதும். 20 சதவீதம் எத்தனால் கலந்ததும், அதே ஜெட்டில் வண்டி ஆறேழு சதவீதம் லீன் ஆகிவிடும். முன்பு பிளக் நல்ல நிறத்தில் இருந்த வண்டி இப்போது வெளுத்துக் காட்டினால் காரணம் இதுவாக இருக்கலாம். ஊசியை ஒரு படி உயர்த்தி, மெயின் ஜெட்டை ஒரு அளவு கூட்டிப் பாருங்கள்.

இரண்டாவது ரப்பர். பழைய பெட்ரோல் டியூப், ஃப்ளோட் ஊசியின் முனை, ஓ ரிங் எல்லாம் எத்தனாலை மனதில் வைத்துச் செய்தவை அல்ல; உப்பிப்போகும், பிசுபிசுக்கும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? ஒரு மாதத்துக்கு மேல் ஓட்டப்போவதில்லை என்றால் ஃப்ளோட் கிண்ணத்தைக் காலி செய்துவிடுங்கள்.

சைலன்சரைக் கழட்டி எரிக்கணும்னு மெக்கானிக் சொல்றார். தேவையா?

நெடுநாள் ஓடிய வண்டி என்றால் தேவைதான். 2டி ஆயிலின் கரி எக்ஸாஸ்ட் போர்ட்டிலும் சைலன்சர் கழுத்திலும் படியும். கிளம்பும்போது நன்றாக இருந்து, போகப்போக மூச்சு வாங்கினால் அதுதான். போர்ட்டைச் சுரண்டும்போது பிஸ்டனைக் கீழே இறக்கி வைத்து, மரக்குச்சியால் சுரண்டுங்கள். ஸ்க்ரூ டிரைவர் கீறல் போடும். காஸ்டிக் சோடா ஊறவைப்பது இரும்பு சைலன்சருக்கு மட்டும். அலுமினியப் பாகம் எதையும் அதில் போடக் கூடாது, அரித்துத் தின்றுவிடும்.

கத்திரி வெயில்ல டிராஃபிக்ல மாட்டினா சூடாகி நின்னுடுது.

இந்த வண்டிகளில் மேக்னெட் பக்கம் ஒரு ஃபேன் இருக்கும். அது தள்ளும் காற்று, கவர் வழியாகச் சிலிண்டரைச் சுற்றிப் போக வேண்டும். கவரின் ஒரு துண்டு உடைந்து எப்போதோ தூக்கி எறியப்பட்டிருக்கும், அல்லது சிலிண்டரின் ஃபின் (சூடு ஆற்றும் தகடு) இடுக்கில் எண்ணெயும் மண்ணும் அப்பியிருக்கும். முதலில் அதைச் சரிசெய்யுங்கள். பிறகு பிளக் நிறம் பாருங்கள். வெளுத்திருந்தால் காற்றுக் கசிவு, இ20 பற்றிச் சொன்னவை இரண்டையும் சோதியுங்கள். ஆறியதும் ஸ்டார்ட் ஆகி, சூட்டில் ஸ்பார்க்கே இல்லை என்றால் காயில் அல்லது சிடிஐ (ஸ்பார்க்கைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் பெட்டி).

கிண்டியிலிருந்து வேளச்சேரி வரை ஊர்ந்துகொண்டே போனால் ஷூவும் சூடாகும். பாதித் திருகலில் வண்டியைப் பிடித்து நிறுத்தாமல், இடைவெளி கிடைத்ததும் ஒரே மூச்சில் நகர்ந்து, முழுசாக விட்டு பிரேக் பிடியுங்கள்.

லேசான ரோலர் போட்டா பிக்கப் வரும்னு சொல்றாங்களே, உண்மையா?

உண்மை, ஒரு எல்லைவரை. லேசான ரோலர் வெளியே விலக அதிக ஆர்பிஎம் வேண்டும். அதனால் வண்டி லோ கியரில் கூடுதல் நேரம் இருக்கும், இன்ஜின் அதிக வேகத்தில் சுற்றும், ஏற்றத்தில் துடிப்பாக இருக்கும். கனமான ரோலர் சீக்கிரமே டாப்புக்குத் தள்ளிவிடும். சத்தம் குறையும், கொஞ்சம் மைலேஜ் கிடைக்கும், சிக்னலில் கிளம்பும்போது தூங்கும்.

எல்லை எங்கே? ஒவ்வொரு இன்ஜினுக்கும் சக்தி உச்சத்தில் இருக்கும் ஒரு ஆர்பிஎம் உண்டு. முழு ஆக்சிலேட்டரில் அந்த இடத்தில் இன்ஜின் நின்றால் ரோலர் சரி. அதைத் தாண்டிக் கத்தினால் ரோலர் மிகவும் லேசு. சத்தம் வரும், வேகம் வராது, பெட்ரோல் போகும். பிளக் வயரில் சுற்றி மாட்டும் சின்ன டாக்கோமீட்டர் ஒன்று வாங்கிக்கொண்டால் ஊகிக்க வேண்டியதில்லை.

இப்போது போட்டிருக்கும் ரோலரின் எடையை முதலில் நிறுத்து எழுதுங்கள். பத்தில் ஒரு கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு போதும். ஒரு ரோலருக்கு அரை கிராம் என்றால் ஆறுக்கும் சேர்த்து மூன்று கிராம், அதுவே ஓட்டும்போது தெரியும். நடுவாந்தர எடை வேண்டுமென்றால் இரண்டு எடையில் மும்மூன்று எடுத்து ஒன்றுவிட்டு ஒன்று வையுங்கள். சோதனைக்குப் பரங்கிமலை மேலே போகும் சாலை நல்லது. சுமார் 300 அடிதான் உயரம், ஆனால் செங்குத்து. அதிகாலையில், அதே ஆள் எடையில், அதே வளைவிலிருந்து கிளம்பி ஒப்பிடுங்கள்.

எடை மாற்றும் முன் ரோலரின் வடிவத்தைப் பார்க்க மறக்காதீர்கள். ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்த ரோலர் உருளாது, சறுக்கிச் சிக்கும். பாதிப் பேருக்கு அதே எடையில் புது ரோலர் போட்டாலே தேடிய பிக்கப் வந்துவிடுகிறது.

பெல்ட் அறுந்தாதான் மாத்தணுமா?

அதற்கு முன்பே மாற்ற வேண்டும். பெல்ட் அகலத்தில் தேயும். அகலம் குறைந்தால், முன்புல்லி முழுசாக மூடிய பிறகும் பெல்ட் விளிம்புவரை ஏறாது. டாப் ஸ்பீடு போய்விடும். மார்க்கர் கோடு பாதியில் நிற்பதற்கு முதல் காரணம் இதுதான். புது பெல்ட் வாங்கியதும் வெர்னியரில் அகலத்தை அளந்து கவரின் உள்பக்கமே எழுதி வைத்துவிடுங்கள். ஒரு மில்லிமீட்டர் குறைந்தால் நான் மாற்றிவிடுவேன். பல்லிடுக்கில் வெடிப்பு தெரிந்தால் அளக்கவே வேண்டாம்.

கிளம்பும்போது கடகடன்னு உதறுது. கொஞ்சம் வேகம் எடுத்தா சரியாயிடுது.

கிளம்பும்போது மட்டும் என்றால் ஷூவும் டிரம்மும்தான். ஷூவின் முகம் கண்ணாடி மாதிரி பளபளத்திருக்கும், அல்லது டிரம்மில் வரி விழுந்திருக்கும். சொரசொரப்பான எமரித் தாளால் ஷூவைத் தேய்த்து, டிரம்மின் உள்பக்கத்தைத் தின்னர் தொட்ட துணியால் துடையுங்கள். டிரம் முட்டை வடிவமாகியிருந்தால் லேத்துக்குப் போக வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். ஷூவில் எண்ணெய் ஊறியிருந்தால் பின்னால் கியர் பாக்ஸ் சீல் கசிகிறது; சீலை மாற்றாமல் ஷூவை மட்டும் மாற்றினால் மறுபடியும் இதே கதை.

பழைய ஷூக்களில் கல்நார் இருக்கலாம். அந்தத் தூளை வாயால் ஊதவோ கம்ப்ரஸர் காற்றால் அடிக்கவோ வேண்டாம். ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

கான்ட்ரா ஸ்பிரிங்கும் கிளட்ச் ஸ்பிரிங்கும் ஒண்ணுதானே?

வேறு வேறு. ஷூக்களை இழுத்துப் பிடிக்கும் சின்ன ஸ்பிரிங்குகள் எந்த ஆர்பிஎம்மில் வண்டி நகரத் தொடங்கும் என்பதைத் தீர்மானிக்கும். அவை தளர்ந்தால் ஐட்லிங்கிலேயே வண்டி ஊரும். பெரிய கான்ட்ரா ஸ்பிரிங் பின்புல்லியை மூடிப் பிடிக்கும். பெல்ட்டின் பிடியும், ஏற்றம் வந்ததும் எவ்வளவு சீக்கிரம் லோ கியருக்குத் திரும்பும் என்பதும் அதன் கையில்.

கான்ட்ரா ஸ்பிரிங்கை வருஷக்கணக்கில் யாரும் தொடுவதில்லை, அமுங்கிக் குட்டையாகியிருக்கும். மேம்பாலத்தில் பாதி ஏறியதும் வண்டி சோர்ந்து, ஆக்சிலேட்டரை விட்டுத் திரும்பத் திருகினால்தான் இழுக்கிறது என்றால் அதைச் சந்தேகப்படுங்கள். ரொம்பக் கெட்டியான ஸ்பிரிங் போட்டால் பெல்ட் சூடாகும், டாப்புக்கும் போகாது. பின்பக்கப் பெரிய நட்டைக் கழற்றும்போது ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடித்துக்கொண்டே கழற்ற வேண்டும், இல்லையென்றால் முகத்தில் அடிக்கும். தனியாகச் செய்யாதீர்கள்.

வேரியேட்டருக்குள்ள கிரீஸ் வைக்கலாமா?

திறக்கும்போது எப்படி இருந்தது என்று பாருங்கள். பழைய ஹோண்டா வகைகள் சிலவற்றில் ரோலர் அறையை ரப்பர் சீல் போட்டு மூடி, உள்ளே கிரீஸ் வைத்திருப்பார்கள். அங்கே கொஞ்சம் வைக்கலாம், சீல் நன்றாக இருந்தால் மட்டும். சீல் இல்லாத வகையில் வைத்தால் மையவிலக்கு விசையில் தெறித்து பெல்ட் மேல் போய் விழும். பின்புல்லியில் சின்ன உலோகத் தண்டு (பின்) ஓடும் சாய்வுக் காடிக்கு, சூடு தாங்கும் கிரீஸ் எல்லா வண்டியிலும் வேண்டும். அது காய்ந்து சிக்கினாலும் கான்ட்ரா ஸ்பிரிங் தளர்ந்த அதே அறிகுறிதான் காட்டும்.

வேரியேட்டர் நட்டு டைட் பண்ணியும் லூஸாயிடுது. கிராங்க் பல்லு போயிடும்ங்கறாங்க.

போகும். காரணம் பெரும்பாலும் மாட்டும் விதம். முன்புல்லியின் வெளித்தட்டை வைத்து நட்டை முடுக்கும்போது, பெல்ட் இரண்டு தட்டுக்கும் நடுவில் கடிபட்டு நிற்கும். நட்டு இறுகிவிட்ட மாதிரி கைக்குத் தெரியும், ஆனால் தட்டு கிராங்கின் பல்லில் முழுசாக உட்கார்ந்திருக்காது. ரெண்டு தெரு ஓட்டியதும் பெல்ட் இடம் மாறி நட்டு தளரும், ஆடி ஆடிப் பல்லைத் தின்னும்.

மாட்டும் முன் பின்புல்லியைக் கையால் பிளந்து பெல்ட்டை அதற்குள் ஆழமாக அமுக்குங்கள். முன்னால் பெல்ட் தொளதொளவென்று இருக்க வேண்டும். அந்த நிலையில் தட்டை உட்காரவைத்து, டார்க் ரென்ச்சால் முடுக்குங்கள். பிறகு பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றவிட்டால் பெல்ட் தானாக இடத்துக்கு வரும்.

மழைத் தண்ணியில போயிட்டு வந்ததும் ரேஸ் குடுத்தா சத்தம்தான் வருது, வண்டி நகரல.

பெல்ட் கவருக்குள் தண்ணீர். திறந்து துடைத்துக் காயவைத்தால் சரியாகிவிடும். வடிகுழாய் திருகு இருந்தால் அதைத் திறந்துவிடுங்கள். அதோடு கியர் ஆயிலையும் பாருங்கள். பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, மாற்றுங்கள். சைலன்சர் மூழ்கியிருந்தால் உடனே ஸ்டார்ட் செய்யாமல், பிளக்கைக் கழற்றிவிட்டு மெதுவாகக் கிக் அடித்துத் தண்ணீரை வெளியேற்றுங்கள்.

ஸ்பேர் எல்லாம் எங்க சார் கிடைக்கும்?

புதிய பாகத்துக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, கழற்றிய பாகத்துக்குப் புதுப்பேட்டை. பெல்ட், ரோலர், சீல், ஷூ ஆகியவற்றைப் பழையதாக வாங்கவே வாங்காதீர்கள். புல்லித் தட்டு, டிரம், கவர் மாதிரி உலோகப் பாகம் பழையது கிடைத்தால் தயங்க வேண்டாம். பள்ளம் விழாத முகமா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். உங்கள் பழைய பாகத்தைக் கையோடு எடுத்துப் போங்கள்.

இதை வெச்சுக்கிட்டு ஏற்காடு ஏறலாமா?

மேலே சொன்னதெல்லாம் சரியாக இருந்தால் ஏறலாம். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதைவிட ஏழில் ஒரு பங்கு குறையும். சென்னைக்கு செட் செய்த வண்டி அங்கே ரிச் ஆகி மந்தமாகும். ஓரிரு நாள் என்றால் ஜெட்டைத் தொடாமல் சகித்துக்கொள்ளுங்கள். மலையில் லீன் ஆக்கிவிட்டு, கீழே இறங்கியதும் மாற்ற மறந்தால் சேலம் நெடுஞ்சாலையில் பிஸ்டன் ஜாம் ஆகும்.

இறங்கும்போதுதான் அதிகக் கவனம் வேண்டும். பெட்ரோலோடு ஆயில் கலந்து ஓட்டும் வண்டியில், ஆக்சிலேட்டரை முழுக்க மூடி வேகமாக இறங்கினால் இன்ஜின் சுற்றிக்கொண்டே இருக்கும், ஆயில் மட்டும் போகாது. அவ்வப்போது லேசாக ஒரு திருகு கொடுங்கள்.

பெரிய போர், ரேஸ் சைலன்சர் போட்டா பறக்கும்ல?

சத்தம் பறக்கும். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 15 ஆண்டு தாண்டிய வண்டிக்கு ஆர்டிஓவில் பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது இதெல்லாம் எதிரே வந்து நிற்கும். மெக்கானிக்கலாகவும், சைலன்சர் மாறினால் சக்தி உச்சம் வேறு ஆர்பிஎம்முக்குப் போய்விடும். ஜெட், ரோலர், ஸ்பிரிங் எல்லாம் முதலிலிருந்து. எனக்கு அதில் ஆர்வம் இல்லை.

என் மாப்பிள்ளை கனடாவுல பழைய ஸ்னோமொபைல் ஒண்ணு வாங்கியிருக்கார். அதுவும் பெல்ட் வண்டிதானாமே, இதே கணக்குதானா?

அடிப்படை அதேதான். டூ ஸ்ட்ரோக் இன்ஜின், ரப்பர் பெல்ட், இரண்டு புல்லி. வித்தியாசம் கிளட்சில்: அங்கே தனியாக ஷூ கிடையாது. ஐட்லிங்கில் முன்புல்லி முழுசாகப் பிளந்து பெல்ட்டை விட்டுவிடும். ஆர்பிஎம் ஏறியதும் மூடிப் பிடிக்கும். ரோலருக்குப் பதிலாக நெம்புகோல் மாதிரி எடைக்கைகள், நம் பின்புல்லியின் சாய்வுக் காடிக்குப் பதிலாக ஹெலிக்ஸ் என்ற சாய்வுத் துண்டு. எடையைக் குறைத்தால் ஆர்பிஎம் கூடும் என்ற ரோலர் விதி அப்படியே பொருந்தும். பழைய ஃபேன் கூலிங் வண்டிகளில் உச்ச சக்தி 7,000-ஐ ஒட்டியும், பிற்கால லிக்விட் கூலிங் வண்டிகளில் 8,000-ஐ ஒட்டியும் இருக்கும். அவருடைய மாடலின் கையேட்டு எண்ணைப் பிடித்துக்கொண்டு எடையை மாற்றச் சொல்லுங்கள்.

கார்ப்பரேட்டரில்தான் நமக்கும் அவருக்கும் தூரம் அதிகம். பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி குளிரில் காற்று, நம் 35 டிகிரிக் காற்றைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் அடர்த்தி. அதனால் குளிர் ஏற ஏறப் பெரிய மெயின் ஜெட் வேண்டும். இளம் வெயில் நாளில் சரியாக ஓடிய வண்டி, கடுங்குளிரில் லீன் ஆகி பிஸ்டனைத் தின்றுவிடும். பிளக் நிறத்தை அந்தந்த வெப்பநிலையோடு சேர்த்துக் குறித்து வைக்கட்டும். பெல்ட்டின் மேல் இருக்கும் கார்டைக் கழற்றிவிட்டு இன்ஜினை ரேஸ் செய்யவே கூடாது. அந்த வேகத்தில் பெல்ட் அறுந்தால் கை கால் போகும். ஓட்டக் கிளம்பும்போது பானெட்டுக்குள் ஒரு ஸ்பேர் பெல்ட்டும் அதை மாற்றும் கருவியும் இருக்கட்டும்.